அந்த ஒரு கைச் சோறு

விரல் நுனியில் இன்னும் மீன்குழம்பு வாசம் இருந்தது. சோப்புப் போட்டுத்தான் கழுவினார். ஆனாலும் புளியும் தேங்காயும் சாளைமீனும் சேர்ந்த அந்த வாசம் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. தொம்மை மூக்கைச் சொறிவதுபோல வலது கையைக் கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். ஆகா. பிறகு, பக்கத்தில் இருந்த மனைவி சலேத்தம்மாள் கவனித்துவிட்டாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கவனிக்கவில்லை, எதிர்ச்சுவரில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியில் யாரோ யாரையோ அறைந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி சந்தியாகு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, செல்போனை எட்டப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கவனித்திருந்தாலும் பாதகமில்லை. தொம்மையும் அவனும் பேசிக்கொண்டு பல மாதம் ஆகிறது. பேச்சுவார்த்தை இல்லாதவன் வாயைத் திறந்து குற்றம் சொல்ல முடியாதல்லவா, அது ஒரு வசதி. மூன்று பேரும் அந்த லேப்பின் பெஞ்சில் காத்திருந்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்தாயிற்று. மத்தியானம் வீட்டில் தினமும் தின்பதைப்போலவே தின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து இன்னொரு தடவை கொடுக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், தினமும் தின்பதைப்போலவே என்று அழுத்திச் சொன்னாள். அந்த ரத்தம் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. நல்லதாய்ச் சொன்னால் தொம்மைக்கு இனிமேலும் சோறு உண்டு. கெட்டதாய்ச் சொன்னால் இப்போது கிடைக்கிற ஒரு கிண்ணமும் போய்விடும், வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிற பேச்சும் வரும். தினமும் தின்பதைப்போலவே. அங்கேதான் தொம்மையின் மனசு முள்ளில் மாட்டின வேட்டியாய் நின்றது. தினமும் தின்பது ஒரு கிண்ணம். இன்றைக்கு ஒரு கிண்ணமும் ஒரு கையும். சலேத்து தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போன நேரத்தில், முன்னால் இருந்த சட்டியில் ஒட்டிக் கிடந்த சோற்றை வழித்து, தட்டில் மிச்சம் நின்ற குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி, அவள் திரும்பி வருவதற்குள் முழுங்கிவிட்டார். ஒரே ஒரு கை. சின்னக் கையா, பெரிய கையா? துறைமுகத்தில் மூட்டை தூக்கின கை, சின்னதாய் எப்படி இருக்கும்.

இருந்துவிட்டுப் போகட்டும். கெட்டது வராது. வராது என்று வயிறு சொல்கிறது. வயிறு இன்றைக்குச் சந்தோஷமாய் இருந்தது, கனமில்லாமல், புளிப்பு எதுக்களிக்காமல், நல்ல பிள்ளையாய் உள்ளே உட்கார்ந்திருந்தது. நல்லது மட்டும் வரட்டும், அப்புறம் இந்தச் சந்தியாகு முகத்தைப் பார்க்க வேண்டும். தொம்மை எதையும் மறக்கிற ஆள் இல்லை. மூன்றாம் வகுப்பில் சிலேட்டைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்த வாத்தியாரை இன்றைக்கும் மறக்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் அவர் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. கல்யாணச் சட்டையில் ஒரு கையை இறக்கமாய்த் தைத்த தையல்காரரை மறக்கவில்லை, அந்த ஆள் செத்த அன்றைக்கு மாலை வாங்கிக்கொண்டு போனார், போட்டுவிட்டு வந்தார், மன்னிக்கவில்லை. ஆனால் அதெல்லாம் ஒரு பக்கம், சந்தியாகு செய்தது ஒரு பக்கம். அவன் மகள் கல்யாணம். மண்டபத்தில் முதல் பந்தி. தாய்மாமன் முறைக்காரர்கள், சம்பந்தி வீட்டார், துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வரிசையாய் உட்கார்ந்திருக்கிறார்கள். தொம்மையின் இலையில் வெள்ளைவெளேரென்று சோறு விழுகிறது, ஆவி பறக்கிறது, நடுவில் குழி பறித்து ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றச் சொல்லிக் கை காட்டுகிறார். அப்போது பந்தி விசாரிக்க வந்த சந்தியாகு, கழுத்தில் சால்வையோடு, எல்லாரும் பார்க்க, அத்தானுக்கு சுகர்லா, சோறு வைக்கக் கூடாதுல்லா என்று பரிமாறுகிறவனைச் சத்தம் போட்டுவிட்டு, குனிந்து, தன் கையாலேயே இலையில் இருந்த சோற்றை வழித்து ஒரு தட்டில் அள்ளினான். அள்ளிவிட்டு இரண்டு சப்பாத்தியை வைத்தான். இலையில் வைத்த சோற்றை எடுக்கிறது! எதிரியின் இலையிலிருந்துகூட எவனும் எடுக்க மாட்டான். எதிர் வரிசையில் எவனோ சிரித்தான், யார் என்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் அவனையும் சேர்த்திருப்பார். தொம்மை எழுந்து போய்க் கை கழுவினார், சாப்பிடாத கையை. அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால் அடியோடு நின்றது. ஆனால் சலேத்துக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான், வீடும் அடுத்த தெரு, பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்காய் இருந்துவிட்டு வந்தவனுக்கு இங்கே வேலையும் கிடையாது. வருவான். வாசலில் நின்று, அக்கா, அத்தான் மாத்திரை போட்டாச்சான்னு கேளு என்பான். தொம்மை அவன் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, போட்டாச்சுன்னு சொல்லு என்பார். சலேத்து போட்டாச்சாம் என்பாள். இப்படியே ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. இப்போதும் பெஞ்சில் அவள் நடுவில் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். வெள்ளைச் சோறு வெள்ளை விஷம் என்று செல்போனில் எவனோ பேசினதை அவளுக்குப் போட்டுக் காட்டினதும் இவன்தான். அத்தானைக் காப்பாத்தணும்னா சோத்த அடியோட நிப்பாட்டு என்றான். மீசை வைத்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான், அவரும் சோற்றைக் குறையுங்கள், சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று தலையைத் தூக்காமல் சொன்னார். சரி என்று தொம்மை சப்பாத்திக்கு மாறினார். ஆனால் சப்பாத்தி என்பது சாப்பாடா? சோறு தின்றால்தான் சாப்பிட்டது. மற்றதெல்லாம் பலகாரம். இது தொம்மைக்கு மட்டும் இல்லை, சலேத்துக்கும் அப்படித்தான், தெருவுக்கே அப்படித்தான். பலகாரத்துக்கு எவன் அளவு பார்க்கிறான்? அதுவும் மருந்துபோலச் சொல்லியிருக்கிறார்கள், மருந்து நிறையப் போனால் நல்லதுதானே. மாவு தீருகிறவரை தின்றார், உருளைக்கிழங்குக் குருமாவில் முக்கி முக்கித் தின்றார். தின்று முடித்ததும், பாவம் இந்த மனுஷன் இன்னும் சாப்பிடலையே என்று சலேத்துக்கே மனசு கேட்காது, இரண்டு பழத்தை உரித்துக் கொடுப்பாள். பொழுது சாய்ந்ததும் சாப்பிடாத வயிற்றுக்காகத் தேத்தண்ணீரும் ரஸ்க்கும். அடுத்த தடவை ரத்தம் பார்த்தால் சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. மீசை டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாய்த் தலையைத் தூக்கி, திருட்டுத்தனமாய்ச் சோறு தின்கிறீரா என்று கேட்டார்.

திருட்டுத்தனமாய். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இப்போதும் காது சுடும். ஒரு பருக்கை தொட்டதில்லை அப்போது. தெருவில் எந்த வீட்டிலிருந்தாவது வடிகஞ்சி வாசம் வந்தால், நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார், அவ்வளவுதான், வாசத்தில் சர்க்கரை ஏறாதே. அப்படிப்பட்டவரைக் களவாணி என்று சொல்லிவிட்டார்கள். சலேத்துகூட நம்பினாள். தனக்கென்று வடித்த சோற்றின்மேல், மட்டமாய்த் தட்டிவிட்டு, அகப்பைக் காம்பால் ஒரு சிலுவைக் குறி போட்டு மூடி வைத்தாள். யாராவது கை வைத்தால் சிலுவை கலையும். ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து பார்ப்பாள், சிலுவை அப்படியே இருக்கும், ஆனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது, கடைசியில் அவர் வெளியே ஓட்டலில் தின்கிறார் என்று முடிவுக்கு வந்தாள். தின்னாத சோற்றுக்குத் திருட்டுப்பட்டம். அது சரி, அப்போது தின்னவில்லை. இன்றைக்குத் தின்றாயே தொம்மை. அந்த ஒரு கை. வேட்டி மறுபடியும் முள்ளில் மாட்டிக்கொண்டது. ஒரு கை என்றால் கிண்ணத்தில் எவ்வளவு வரும், கால் கிண்ணமா, இல்லை, சட்டியில் ஒட்டினது காய்ந்து சுருங்கினது, கால்கூட வராது. தண்ணீரில் கரைந்து போயிருக்கும். நடந்ததில் கரைந்திருக்கும். ரத்தத்தில் போய்க் கலந்திருந்தாலும் அவ்வளவு ரத்தத்தில் இவள்கள் எடுக்கிற அந்தத் துளியூண்டு குழாய்க்குள் அந்தக் கைச் சோறுதானா வந்து நிற்கப்போகிறது?

திருட்டுப்பட்டத்தோடு அலைந்த அந்த நாளில், நல்லவேளை, அந்தப் பெண் வந்தாள். இந்த லேப்புக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஷெரின். வயசு என்னமோ சின்னதுதான், மூக்குக் கண்ணாடி மட்டும் பெரிசு. முதல் நாளே அவள் தொம்மையின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. எதையும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். தொம்மை, ஒன்றுமே சாப்பிடுவதில்லை, சப்பாத்திதான் என்றார். எத்தனை சப்பாத்தி? தொம்மைக்குத் தெரியவில்லை, சலேத்தைப் பார்த்தார். அவள், மாவு இருக்க வரைக்கும் போடுவேன் டாக்டரம்மா என்றாள். எவ்வளவு பெரிசாய்ப் போடுவீர்கள்? சலேத்து இரண்டு கையையும் தூக்கி, விரலோடு விரல் படாமல் ஒரு வட்டம் காட்டினாள். கோயில் திருவிழாவில் அடிக்கிற பேண்டு மேளத்தின் அளவுக்கு இருந்தது அது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். தொம்மைக்கு முதலில் கோபம் வந்தது, அவள் பெயரையும் மறக்கக் கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தார், அதற்குள் அவள், "ஐயா, நீங்க ஒண்ணும் களவு பண்ணல" என்றாள். அந்த வார்த்தை! ஒரு கோர்ட்டில் ஜட்ஜு சொன்னால்கூட அப்படி இனித்திருக்காது. "சோறு ஒங்களுக்கு எதிரி இல்ல. சப்பாத்தி கூட்டாளியும் இல்ல. ரெண்டும் உள்ள போனா சர்க்கரையாத்தான் மாறும். எது திங்கிறீங்கங்கிறது ஒரு பங்குன்னா, எவ்வளவு திங்கிறீங்கங்கிறது மூணு பங்கு." பிறகு மேசைமேல் விரலால் ஒரு தட்டு வரைந்து காட்டினாள். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும். கால் தட்டுக்கு மீனோ பருப்போ முட்டையோ. மிச்சமிருக்கிற கால் தட்டுக்குச் சோறு, ஒரு கிண்ணம், அதற்கு மேல் பருக்கை கூடாது. முதலில் காயைத் தின்னுங்கள், சோற்றைக் கடைசியில் தொடுங்கள். தின்றதும் படுக்காமல் கொஞ்சம் நடங்கள். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் பார்ப்போம், இறங்கினால் சோறு உங்களுக்கு. இறங்காவிட்டால் நான் சொல்கிறதை நீங்கள் கேட்க வேண்டும். தொம்மை, சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டும்போதே திரும்பி, ஓரமாய் நின்ற சந்தியாகுவின் முகத்தைப் பார்த்தார். அது எண்ணெயில் போட்டுப் பொங்காத அப்பளம் மாதிரி இருந்தது. அந்தக் காட்சியை அவர் நாளுக்கு ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

முதல் நாள் அந்தக் கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்தபோது அழுகையே வந்துவிட்டது, அது வேறு விஷயம். இவ்வளவு பெரிய தட்டில், ஒரு பக்கம் முருங்கைக்கீரை கொட்டிக் கிடக்கிறது, ஒரு பக்கம் அவரைக்காய் கிடக்கிறது, மீன்துண்டு கால் நீட்டிப் படுத்திருக்கிறது, சோறு மட்டும் வாடகைக்கு வந்தவனைப்போல மூலையில் ஒதுங்கி இருந்தது. ஆனால் வாயில் வைத்ததும், அடேயப்பா. இத்தனை வருஷம் தின்றிருக்கிறார், ஒரு நாளாவது சோற்றுக்கு ருசி உண்டு என்று அவருக்குத் தெரியுமா? துறைமுகத்தில் சங்கு ஊதுவதற்குள் தூக்குச்சட்டியைக் கவிழ்த்து உள்ளே தள்ளினது, அது தின்கிறதே இல்லை, லோடு ஏற்றுகிறது. இப்போது ஒரு கிண்ணம்தான் என்று ஆனதும் நாக்குக்கு நிதானம் வந்துவிட்டது. புழுங்கலரிசியில் ஒரு மெல்லிய இனிப்பு இருக்கிறது, கடைசியில், தொண்டைக்கு இறங்குகிற இடத்தில் அது தெரியும். மென்றால்தான் தெரியும். கீரையில் ஒரு சிட்டிகை சோறு, அவரைக்காயில் ஒரு சிட்டிகை சோறு, கடைசி உருண்டை மட்டும் மீன்குழம்புக்கென்று பத்திரமாய். அந்தக் கடைசி உருண்டையை வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், சலேத்து, பூசையில நன்மை அப்பம் வாங்குன மாதிரி மூஞ்ச வச்சிருக்கதப் பாரு என்பாள். சோற்றுமேல் சிலுவை போடுகிறதை அவள் நிறுத்திவிட்டாள். அது தொம்மைக்கு ஒரு வெற்றி. வேட்டி இடுப்பில் தளர்ந்தது, இன்னொரு வெற்றி. மத்தியானம் தின்றதும் தெருவில் நிழல் பார்த்து நடந்தார், துணைக்குச் சந்தியாகுவை அனுப்பினாள் சலேத்து, வேண்டாம் என்று அவளிடம் சொன்னார், அவன் வந்தான். அவர் முன்னால், அவன் நாலு எட்டுப் பின்னால். ஊமைகள் ஊர்வலம்போல. ஒரு நாள் வளைவில் ஒரு ஆட்டோ வந்தபோது அவன் பாய்ந்து வந்து புஜத்தைப் பிடித்து இழுத்துவிட்டான். நன்றி சொல்ல வேண்டியதாய்ப் போயிற்றே என்று தொம்மைக்குக் கடுப்பு. வீட்டுக்கு வந்து, ஒன் தம்பிய நகத்த வெட்டச் சொல்லு, தோல் பேந்துட்டு என்று சலேத்திடம் சொன்னார். மறுநாள் அவன் நகத்தை வெட்டிவிட்டு வந்திருந்தான். அதையும் கவனித்தார். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்றது. ஸ்பிரிட்டு வாசம் வந்தது, அந்த வாசம் வந்தாலே அவருக்கு இஞ்ஞாசி ஞாபகம் வரும். அவருடைய கேங்கில் இஞ்ஞாசியைப்போல மூட்டை தூக்குகிறவன் கிடையாது, முதுகில் மூட்டையோடு பாட்டுப் பாடுவான். சர்க்கரை இருந்தது, பார்க்கவே இல்லை, எனக்கெல்லாம் வராதுலே என்றான். செருப்பு கடித்தது. ஒரு கொப்புளம். பிறகு விரல். பிறகு பாதம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப்போன தொம்மையிடம், இனிமே செருப்பு ஒத்தையா விப்பானான்னு கேட்டுச் சொல்லு என்று சிரித்தான், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் தொம்மை வாசலுக்கு வந்து பீடி பற்றவைத்தார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் சலேத்தின் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். ஒரு கொப்புளமும் இல்லை, ஒரு வெடிப்பும் இல்லை, எண்ணெய் தடவின பாதம். ஆனால் அந்த ஒரு கை? இஞ்ஞாசிக்கும் அது ஒரு கையிலிருந்துதானே தொடங்கியிருக்கும். ஒரு கைதானே, ஒரு கொப்புளம்தானே. பெஞ்சுக்குக் கீழே தொம்மை கால்விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார், பத்தும் சொன்ன பேச்சுக் கேட்டன. இல்லை, இல்லை, கெட்டதை நினைக்கக் கூடாது. நினைத்தால் ரத்தத்தில் ஏறிவிடும். நல்லதாய் எதையாவது நினை. நாளைக்கு ஊளிமீன் வாங்கச் சொல்ல வேண்டும். வெண்டைக்காய் பிஞ்சாய் வந்திருக்கிறதாம். அடுப்பில் சோறு கொதிக்கும்போது மூடி தடதடக்கிற சத்தம், அந்தச் சத்தம் கேட்கிற வீட்டில் இருக்க வேண்டும் கடைசிவரைக்கும், அவ்வளவுதான் கேட்கிறேன் மாதாவே, வேறு என்ன கேட்டேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ரத்தம் எடுக்கிற பெண் ரப்பர் வாரைக் கட்டி, நரம்பைத் தட்டி, பார்க்காதீங்க ஐயா என்றாள். அவர் பார்த்தார். குழாய்க்குள் கருஞ்சிவப்பாய் ஏறினது. அதில் எங்கே இருக்கிறது அந்த ஒரு கை என்று உற்றுப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே நிறமாய்த்தான் இருந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினபோது சந்தியாகு, அக்கா, அத்தானுக்கு வலிச்சிச்சான்னு கேளு என்றான். எறும்பு கடிச்ச மாதிரிதான்னு சொல்லு என்றார் தொம்மை. சலேத்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்குத் தொண்டை வலிக்கி, ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்லா என்று சொல்லி, டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மறுபடியும் காத்திருப்பு. இதுதான் நீளமாய் இருந்தது. ஒரு தடவை மனசு மேலே போனது, ஒரு தடவை கீழே வந்தது, ஒரு தடவை நாளைக்குக் குழம்பு வைத்தது, ஒரு தடவை ஊன்றுகோல் வாங்கியது. சந்தியாகு செல்போனை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கு என்ன வந்தது, தோற்றுவிடுவோம் என்ற பயமாய் இருக்கும் என்று நினைத்து, தொம்மை அதில் கொஞ்சம் தெம்பு எடுத்துக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டபோது மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தாள். தொம்மைக்குக் காதுக்குள் அலை அடித்தது.

"நல்லாயிருக்கு ஐயா," என்றாள். "வெறும் வயித்துல எடுத்தது, சாப்பிட்டு எடுத்தது, மூணு மாசத்துச் சராசரி, எல்லாமே எறங்கியிருக்கு. இப்பிடியே இருங்க. சோறு ஒங்களுக்கு உண்டு."

உண்டு. அந்தச் சொல் உள்ளே விழுந்து, விழுந்த இடத்திலிருந்து உடம்பெல்லாம் பரவினது. சலேத்து மூக்கை உறிஞ்சி முந்தானையால் துடைத்தாள். பின்னாலிருந்து இன்னொரு மூக்கும் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, தொம்மை திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை, ஏனென்றால் அவருக்குள் அந்த நிமிஷம் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. நல்லாயிருக்கிறது. அந்த ஒரு கையும் சேர்ந்துதானே நல்லாயிருக்கிறது. அப்படியென்றால் அந்த ஒரு கை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாத ஒரு கையை ஏன் விட வேண்டும்? அது இவ்வளவு நேரமும் குற்றமாய் இருந்தது, இப்போது பார்த்தால் அது சாட்சி. சந்தோஷத்தில் மூளைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற கதவு திறந்துகொண்டது.

"டாக்டரம்மா, இன்னைக்கு நான் ஒரு கை கூடத் தின்னேன். அதோட சேத்துத்தான் இது. அப்போ அந்த ஒரு கைய எனக்கு நெரந்தரமா ஆக்கிருங்களேன்."

சலேத்தின் கழுத்து மெள்ள மெள்ள அவர் பக்கம் திரும்பினது, அதில் இருந்த முழு வாசகத்தையும் அவர் பார்க்காமலே படித்துவிட்டார். "எப்பம் தின்னிய? நான் தண்ணி எடுக்கப் போனம்லா, அப்பமா?" என்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள், உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். ஒரு நாள் ஒரு கை ஒன்றும் செய்யாது, தினமும் ஒரு கை என்றால் அது வேறு கணக்கு, மூன்று மாதத்துச் சராசரி இறங்கினது தினமும் ஒரு கிண்ணத்தோடு நின்றதால்தான் என்று விளக்கினாள். வயிறு நிறையவில்லை என்றால் காயை இரண்டு கை கூட வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும்?" என்றார் தொம்மை.

"ஞாயித்துக்கெழமயும் அதே ஒடம்புதான ஐயா," என்றாள் டாக்டரம்மா.

வெளியே வெயில் சாய்ந்து, கடல்காற்று தெருவுக்குள் வரத் தொடங்கியிருந்தது. தொம்மை வேகமாய் நடந்தார். மூன்று மாதம் நடந்த கால், இப்போது யாரும் பிடிக்க முடியாது. வயிற்றில் சோறு இருந்தது, நாளைக்கும் சோறு இருந்தது, நாளன்றைக்கும் இருந்தது, நெஞ்சு முழுக்கச் சந்தோஷம், ஆனால் அந்தச் சந்தோஷத்தின் நடுவில், சுடச்சுட ஒரு புது வருத்தம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கை. கிழவன் ஒரு கை கேட்கிறான். அதையும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் கேட்கிறான். அதற்கு அவள் சொன்ன பதிலைப் பார். அதே உடம்புதானாம். பூசைக்குப் போகிற உடம்பும் மூட்டை தூக்குகிற உடம்பும் ஒன்றா? படித்த திமிர். சிரிப்பு வேறு. இதை மறக்க முடியாது. இதை விட முடியாது. இப்படி ஒரு நியாயமான வருத்தம் கிடைத்து எவ்வளவு நாளாகிவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும்.

"ஏலே, பாத்தியா அவ சொன்னத?" என்றார் பக்கத்தில் வந்துகொண்டிருந்தவனிடம். "ஞாயித்துக்கெழமயும் அதே ஒடம்புதானாம். எகத்தாளத்தப் பாத்தியா?"

சந்தியாகுவின் நடை ஒரு எட்டுத் தடுமாறி, உடனே சரியாகிவிட்டது. "பாத்தேன் அத்தான்," என்றான் மெதுவாய், கிளையில் இருக்கிற குருவி பறந்துவிடக் கூடாது என்பதுபோல. "ஞாயித்துக்கெழமயாவது விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்லா? ஒரு கையில என்னலே கொறஞ்சு போச்சு அவளுக்கு?"

கேட்டு முடித்த பிறகுதான் தொம்மைக்கு உறைத்தது. கால் நின்றது. சலேத்து எங்கே என்று திரும்பிப் பார்த்தார். அவள் வெகு பின்னால், ஒரு வளையல் கடை வாசலில், வளையலே பார்த்தறியாதவளைப்போல மும்முரமாய் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லை எங்கே போய்ப் பிடிப்பது, அது போய்விட்டது, காற்றோடு துறைமுகம் தாண்டியிருக்கும். சந்தியாகு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான், நின்ற நிலையில் அவன் வேட்டி மட்டும் காற்றில் படபடத்தது. தொம்மை தொண்டையைச் செருமினார். மனசுக்குள் இரண்டு வருத்தத்தையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். புதுசுதான் கனம். பழையதை இப்போதைக்கு ஓரமாய் வைக்கலாம், இது ஒரு முடிவுக்கு வரட்டும், அது எங்கே போய்விடும். மறுபடியும் நடக்க ஆரம்பித்தார், அவன் நாலு எட்டுப் பின்தங்கினான், அவர் நடையைக் குறைத்தார்.

"பின்னால வந்தா எனக்கு எப்பிடிலே கேக்கும்?" என்றார். "அடுத்த தடவ அவகிட்ட நீ கேளு. வெளிநாட்டுல இருந்தவன், ஒனக்குப் பேசத் தெரியும்."

"கேக்கேன் அத்தான். கிறிஸ்மஸையும் சேத்துக் கேக்கட்டா?"

"ஈஸ்டர எதுக்கு விடுத?" என்றார் தொம்மை.